அரசு அச்சடித்ததை நாம் தமிழில் போடலாமா? எல்லைப்புற வாசகர் கேள்வி பதில்

போன இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, அரசு இணையதளத்தில் கிடைக்கிறது என்பதற்காக அதை எடுத்து அச்சடிக்கும் உரிமை நமக்கு வந்துவிடாது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் கடிதங்கள் குவிந்திருக்கின்றன, கொழிஞ்சாம்பாறையிலிருந்து நகரி வரைக்கும். பாதிப் பேருக்குக் கோபம், மீதிப் பேருக்குப் பயம். ஒன்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தப் பக்கத்தில் சித்தூர் என்றால் பாலக்காட்டுச் சித்தூர். ஆந்திரச் சித்தூரை ஆந்திரச் சித்தூர் என்றே எழுதுகிறேன், இல்லாவிட்டால் இரண்டு ஊர்க்காரர்களும் சண்டைக்கு வருவார்கள்.

கேள்வி: எங்கள் கிருஷி பவனில் (கேரள வேளாண் துறை அலுவலகத்தில்) தென்னையில் வரும் சிவப்புக் கூன்வண்டு பற்றி மலையாளத்தில் துண்டறிக்கை கொடுத்தார்கள். எங்கள் பக்கம் நிறையப் பேருக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. நானே உட்கார்ந்து தமிழில் பெயர்த்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், எல்லோரும் நல்லது என்றார்கள். அதையே 500 பிரதி போடலாம் என்று போனால் அச்சகக்காரர் "துறையோட அனுமதிக் கடிதம் இருக்கா?" என்கிறார். நம் வரிப்பணத்தில் எழுதினதுக்கு நமக்கே அனுமதியா ஐயா?
தென்னை விவசாயி, கொழிஞ்சாம்பாறை

பதில்: அச்சகக்காரர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார், அவர் மேல் கோபப்படாதீர்கள். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, அரசு சொல்லி எழுதப்பட்ட எதற்கும், வேறு ஒப்பந்தம் ஏதும் இல்லாவிட்டால், அரசுதான் முதல் உரிமையாளர் என்கிறது. எத்தனை நாளைக்கு? 28ஆம் பிரிவுப்படி, வெளியான வருடத்துக்கு அடுத்து வரும் ஜனவரியிலிருந்து 60 வருடம். கூன்வண்டுத் துண்டறிக்கை இந்த வருடம் வந்தது என்றால், யாரையும் கேட்காமல் அதைத் தமிழில் அச்சடிக்க உங்கள் பேரன் காலம் வரை பொறுத்திருக்க வேண்டும். வண்டு அவ்வளவு நாள் பொறுக்காது. இதில் இன்னொன்று, நகலெடுக்கும் உரிமை வேறு, மொழிபெயர்க்கும் உரிமை வேறு. சட்டம் இரண்டையும் தனித்தனியாக உரிமையாளர் கையில் கொடுத்திருக்கிறது. சொந்தப் படிப்பு, ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி இவற்றுக்காக ஓரளவு எடுத்தாள 52ஆம் பிரிவு இடம் தருகிறது. உங்கள் தோப்புக்காக நீங்கள் பெயர்த்து வைத்துக்கொண்டது அதில் அடங்கும் என்று தாராளமாக வாதாடலாம். 500 பிரதி அடங்காது.

வரிப்பணம் என்று நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி, சில நாடுகள் அதை ஒப்புக்கொண்டும் இருக்கின்றன. அமெரிக்க மத்திய அரசு ஊழியர் தன் வேலையின் பகுதியாக எழுதுவதற்கு அங்கே பதிப்புரிமையே கிடையாது, 1976ஆம் வருடச் சட்டத்தில் 105ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. நாசா எடுத்த நிலாப் படம் நம் பிள்ளைகளின் நோட்டு அட்டை வரைக்கும் வந்து உட்கார்ந்திருப்பது அதனால்தான். நாம் பிடித்துக்கொண்டது பிரிட்டன் வழி, அரசு எழுதியது அரசுக்கே என்ற வழி. அந்த பிரிட்டனே 2010இல் திறந்த அரசு உரிமம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, எங்கள் பெயரைச் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத் தொடங்கிவிட்டது. நாம் இன்னும் பழைய பூட்டோடு நிற்கிறோம்.

நான் இதை ஏன் இவ்வளவு பிடிவாதமாகப் பேசுகிறேன் என்றால், இந்தப் பூட்டு எல்லோரையும் ஒரே மாதிரி தடுப்பதில்லை. திருச்சூர்க்காரருக்கு மலையாளத் துண்டறிக்கை அப்படியே போதும். திருப்பூர்க்காரருக்குத் தமிழ்நாடு அரசு தமிழிலேயே எழுதித் தருகிறது. நடுவில் கிடக்கிற நமக்குத்தான், கேரளத்தில் 2011 கணக்கெடுப்பில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்ன சுமார் 5 லட்சம் பேருக்கு, பெயர்த்தால்தான் அது உபயோகப்படும். சட்டம் கை வைப்பதும் சரியாக அந்தப் பெயர்ப்பில்தான். சட்டத்தைத் திருத்த டெல்லி மனசு வைக்க வேண்டும், அது நம் ஆயுசில் நடக்குமோ என்னவோ. ஆனால் உரிமையாளரான துறை, துண்டறிக்கையின் அடியில் "பெயர் குறிப்பிட்டு யாரும் நகலெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம்" என்று ஒரு வரி சேர்க்க எந்தச் சட்டமும் மாற வேண்டாம். அந்த ஒரு வரிதான் திறந்த உரிமம். வேறு பெரிய தத்துவம் எதுவும் அதில் இல்லை.

இப்போதைக்கு என்ன செய்வது? துண்டறிக்கையை வெளியிட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் மாநில அரசுக்கு எழுதவும் அந்த மொழியில் பதில் பெறவும் இடம் தருகிறது. கடிதத்தோடு உங்கள் தமிழ்ப் பெயர்ப்பையும் வையுங்கள். வெறும் அனுமதி கேட்டால் கோப்பு தூங்கும். முடித்த வேலையை எதிரே வைத்தால், அதைப் பார்த்துச் சரி சொல்ல யாராவது ஒருவர் கிடைப்பார்.

கேள்வி: அரசுத் தளங்களின் அடியில் "காப்பிரைட் பாலிசி" என்று ஒன்று இருக்கிறது. அதில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்றுதானே போட்டிருக்கிறார்கள்? அப்படியானால் நீங்கள் சும்மா பயமுறுத்துகிறீர்களா?
கல்லூரி மாணவர், சித்தூர்

பதில்: அந்தப் பக்கத்தைத் திறந்து படித்ததற்கே உங்களுக்கு ஒரு சபாஷ். ஆனால் ஒரே ஒரு தளத்தைப் படித்துவிட்டு நிறுத்திவிட்டீர்கள் போல. இந்திய அரசுத் தளங்களுக்கு என்று ஒரு பொது வழிகாட்டு நெறி உண்டு, அதில் மாதிரி வாசகங்களும் உண்டு, துறைகள் அதிலிருந்து வெட்டி ஒட்டிக்கொள்கின்றன. ஒரு வகையில் "தனி அனுமதி தேவையில்லை, இலவசமாக எடுத்து வெளியிடலாம், ஆனால் பிழையில்லாமல் அப்படியே வெளியிட வேண்டும், இழிவாகவோ திசைதிருப்பும் விதமாகவோ பயன்படுத்தக் கூடாது, மூலத்தைக் குறிப்பிட வேண்டும்" என்று இருக்கும். இன்னொரு வகையில் "எங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி உரிய அனுமதி பெற்ற பிறகு இலவசமாக எடுக்கலாம்" என்று இருக்கும். மாவட்டத் தளங்களில் இந்த இரண்டாவதை நிறையப் பார்க்கலாம். பார்வைக்கு இரண்டும் தாராளம்தான். இரண்டாவதில் தாராளம் எங்கே இருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும்.

முதல் வகையிலும் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. "அப்படியே" என்று சொல்லிவிட்டார்களே, தமிழில் பெயர்த்தால் அது அப்படியே ஆகுமா? பத்துப் பக்கத்தை இரண்டாகச் சுருக்கினால்? படத்தை மட்டும் எடுத்தால்? ஒரு வக்கீல் ஆகும் என்பார், இன்னொருவர் ஆகாது என்பார், நடுவில் அச்சகக்காரர் வேலையை எடுக்க மாட்டார். நல்ல உரிமம் என்றால் இந்த இழுபறிக்கு இடம் வைக்கக் கூடாது.

அப்படி ஒரு உரிமம் நம் நாட்டிலேயே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 2012இல் மத்திய அரசு தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கையைக் கொண்டுவந்து, டேட்டா.கவ்.இன் தளத்தைத் தொடங்கியது. அதற்கென்று 2017இல் "அரசு திறந்த தரவு உரிமம் - இந்தியா" அறிவிக்கப்பட்டது. பயன்படுத்தலாம், மாற்றலாம், வெளியிடலாம், மொழிபெயர்க்கலாம், அதிலிருந்து புதிதாக ஒன்றைச் செய்யலாம், வணிகத்துக்கும் சரி மற்றதற்கும் சரி என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாக எழுதியிருக்கிறார்கள். மொழிபெயர்க்கலாம் என்பதைத் தனியாகக் குறிப்பிட்டவர் யாரோ, அவர் எல்லைப்புறத்துக்காரராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்த உரிமம் அந்தக் கொள்கையின் கீழ் பகிரப்படும் தரவுகளுக்கு. கிருஷி பவன் துண்டறிக்கைக்கோ, பஞ்சாயத்து மலருக்கோ அது தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது.

கிரியேட்டிவ் காமன்ஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2002இலிருந்து உலகம் முழுக்கப் புழங்கும் ஆயத்த உரிமங்கள் அவை. பெயர் சொன்னால் போதும் என்று ஒன்று, பெயர் சொல்லி அதே உரிமத்தில் நீயும் விடு என்று ஒன்று. இவை இரண்டும் நமக்கு நல்லவை. "மாற்றக் கூடாது" என்று ஒரு வகை இருக்கிறதே, அதைக் கண்டால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பும் அந்தக் கணக்கில் மாற்றம்தான், ஆகவே நம் பிழைப்பு அதில் நடக்காது. "வணிகத்துக்குக் கூடாது" என்பது பற்றிக் கீழே ஒருவர் கேட்டிருக்கிறார், அங்கே சொல்கிறேன்.

கேள்வி: நான் தோட்டத்து லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வேலை செய்யும் ஆஷா, அதாவது ஊர் சுகாதாரப் பணியாளர். எலிக்காய்ச்சல், டெங்கு பற்றி வரும் மலையாள அறிவிப்புகளை நாங்களே வாயால் தமிழில் சொல்கிறோம். எழுதிக் கொடுக்கலாமே என்றால், தப்பாகப் பெயர்த்து யாராவது தப்பான மருந்தைச் சாப்பிட்டால் யார் பொறுப்பு என்று மேலே கேட்கிறார்கள். அவர்கள் சொல்வதும் நியாயமாகத்தானே இருக்கிறது அண்ணா?
மூணாறு பக்கத்திலிருந்து ஒரு சகோதரி

பதில்: கேள்வி நியாயம்தான் தங்கச்சி, ஆனால் அதிலிருந்து அவர்கள் வந்து சேரும் முடிவு நியாயமில்லை. எழுதிக் கொடுக்காவிட்டால் தப்பு நடக்காதா? வாயால் சொல்லும்போது டாக்ஸிசைக்ளின் எப்போது, எத்தனை என்பது லயத்துக்கு லயம் மாறிப் போகும், அதை யாரும் பார்த்துத் திருத்தவும் முடியாது. எழுதினால் திருத்தலாம்.

பொறுப்பு யாருடையது என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் ஏற்கனவே வழி கண்டுவிட்டது. 2016 கடைசியிலிருந்து அவர்கள் தம் வெளியீடுகளைப் பொதுவாகக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில்தான் விடுகிறார்கள், வணிக நோக்கம் இல்லாமல் யாரும் பெயர்க்கலாம். நிபந்தனை ஒன்றுதான் முக்கியம். இந்த மொழிபெயர்ப்பை உலக சுகாதார நிறுவனம் செய்யவில்லை, இதன் உள்ளடக்கத்துக்கும் துல்லியத்துக்கும் அது பொறுப்பாகாது, ஆங்கில மூலமே அதிகாரபூர்வமானது என்று பெயர்ப்பில் போட வேண்டும், அவர்கள் சின்னத்தைப் போடக் கூடாது. அவ்வளவுதான். ஜெனீவாவில் உட்கார்ந்து உலகத்துக்கே மருத்துவம் சொல்கிறவர்களுக்கு இது போதும் என்றால் நம் மாவட்டத்துக்குப் போதாதா?

இதற்கு மேல் ஒரு படி போகவும் இடம் இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டம் 2005இன் 4ஆம் பிரிவு, அரசு தானாக வெளியிட வேண்டிய விவரங்களைச் சொல்லிவிட்டு, அவற்றைப் பரப்பும்போது அந்தப் பகுதியின் மொழியைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே தமிழில் கேட்பது சலுகை கேட்பதாகாது. துறையே தமிழில் தந்துவிட்டால் மிகவும் நல்லது. முடியவில்லை என்றால் மற்றவரைச் செய்ய விட வேண்டும். இரண்டுக்கும் கதவை அடைத்துவிட்டு, லயத்தில் காய்ச்சல் பரவுகிறது என்று கூட்டம் போடுவதில் என்ன இருக்கிறது?

ஒரு யோசனை. பெயர்த்ததை உங்கள் ஆரம்ப சுகாதார மையத்து டாக்டரிடம் காட்டி ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், மருந்தின் அளவு வரும் இடத்தில் மூலத்தின் எண்ணையே பெரிதாகப் போடுங்கள். இது உரிமத்துக்காகச் சொல்லவில்லை, ஆட்களுக்காகச் சொல்கிறேன்.

கேள்வி: ஆழியாறிலிருந்து எங்களுக்கு எவ்வளவு தண்ணீர் வந்தது என்று தினமும் எழுதி வைத்து எங்கள் சங்கப் பலகையில் போடுகிறேன். அணை அளவு அரசுடையது, நீ போடக் கூடாது என்று ஒருவர் சொன்னார். நிஜமா?
நெல் விவசாயி, கொல்லங்கோடு

பதில்: சும்மா சொல்லியிருக்கிறார், எழுதிக்கொண்டே இருங்கள். இன்று இத்தனை கன அடி என்பது வெறும் தகவல், தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது. அதை வைத்து ஒருவர் போட்ட வரைபடம், எழுதிய அறிக்கை, யோசித்துத் தொகுத்த அட்டவணை, இவற்றை அப்படியே தூக்குவதுதான் பிரச்சினை. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டு வழியாகச் சித்தூர்ப் புழைக்கு வருடத்துக்கு 7.25 டிஎம்சி வர வேண்டும் என்பது ஊரறிந்த கணக்கு. வந்ததா இல்லையா என்று நாமே கூட்டிப் பார்க்க எந்த உரிமமும் வேண்டாம்.

பஸ் நேரமும் இப்படித்தான். ஆனால் நேரத்தை ஒவ்வொரு ஸ்டாண்டாகப் போய் எழுதி எடுப்பதற்கும், கழகமே அதைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற வடிவத்தில் கொடுப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! கொச்சி மெட்ரோ 2018இல் தன் நேர அட்டவணையை ஜிடிஎஃப்எஸ் என்ற வடிவத்தில் திறந்த தரவாக வெளியிட்டது, யார் வேண்டுமானாலும் அதை வைத்து ஆப் செய்யலாம். பொள்ளாச்சி, பாலக்காடு பஸ்ஸுக்கு அந்தப் பாக்கியம் வாய்த்தால் கோவிந்தாபுரத்தில் வெயிலில் நிற்பவர்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

கேள்வி: நாங்கள் நகரி, புத்தூர் பக்கத்துத் தமிழர்கள். 1960இல் எல்லை மாறியபோது என்ன நடந்தது என்று ஒரு சிறு நூல் போடுகிறோம். எல்லை மாற்றச் சட்டத்தையும், வட ஆற்காடு பற்றிய பழைய ஆங்கிலக் கையேட்டிலிருந்து சில பகுதிகளையும், அறுபதுகளில் வந்த கணக்கெடுப்பு நூல் ஒன்றிலிருந்து சில பக்கங்களையும் தமிழில் சேர்க்கலாமா?
ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், நகரி

பதில்: நல்ல காரியம் சார், ஒவ்வொன்றாகப் பார்ப்போம். காக்ஸ் தொகுத்த வட ஆற்காடு கையேடு 1881இல் வந்தது, ஸ்டூவர்ட் திருத்திய பதிப்பு 1890களில். இரண்டுக்கும் காலம் முடிந்து எவ்வளவோ நாளாகிவிட்டது, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த மறுபதிப்பை வைத்து வேலை செய்கிறீர்கள் என்றால், அதில் புதிதாகச் சேர்த்த முன்னுரையையும் குறிப்புகளையும் மட்டும் தொடாதீர்கள்.

கணக்கெடுப்பு நூலுக்குப் பின் அட்டையையோ உள் பக்கத்தையோ பார்த்து, வெளியான வருடத்தைக் கண்டுபிடியுங்கள். 1961 கணக்கெடுப்பு என்று மேலே போட்டிருந்தாலும் அச்சானது பல வருடம் கழித்து இருக்கலாம், கணக்கு அச்சான வருடத்திலிருந்துதான். 1963இல் அச்சானது என்றால் 1964 ஜனவரி 1இல் தொடங்கி 2023 டிசம்பர் 31இல் முடிந்திருக்கும். 1970 என்றால் 2030 முடிய வேண்டும்.

சட்டத்தில்தான் ஒரு விசித்திரம். 1959ஆம் வருட ஆந்திரப் பிரதேசம், மெட்ராஸ் எல்லை மாற்றச் சட்டம், 1960 ஏப்ரல் 1இல் திருத்தணியைத் தமிழ்நாட்டுப் பக்கமும் சத்தியவேடுப் பகுதியை ஆந்திரப் பக்கமும் அனுப்பியதே, அதை நீங்கள் மூல மொழியில் அச்சடிக்கலாம். ஆனால் வெறுமனே அச்சடிக்கக் கூடாது! கூடவே விளக்க உரையோ, சொந்தமாக எழுதிய வேறு ஏதாவதோ சேர்த்துத்தான் வெளியிடலாம் என்று 52ஆம் பிரிவு சொல்கிறது. குடிமகன் மீறினால் தண்டனை உண்டு, அந்தச் சட்டத்தையே அவன் சும்மா அச்சடித்து விநியோகிக்கக் கூடாது என்றால் இதை என்ன சொல்ல? உங்கள் நூலில் உரை இருக்கப் போகிறது, ஆகவே கவலையில்லை. தமிழில் பெயர்ப்பதற்கும் தனி விதி இருக்கிறது. அரசின் தமிழாக்கம் ஏற்கனவே வந்து, பொதுமக்களுக்கு விற்பனையிலும் இருக்கக் கூடாது, உங்களுடையதில் இது அரசு ஏற்ற மொழிபெயர்ப்பு இல்லை என்று தெளிவாகப் போட வேண்டும்.

அரசிதழில் வந்த மற்ற அறிவிப்புகள், சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட குழு அறிக்கைகள், நீதிமன்றத் தீர்ப்புகள், இவற்றையும் அதே பிரிவு மறுவெளியீட்டுக்கு விட்டுவைத்திருக்கிறது. அறிக்கைக்கு அரசும் தீர்ப்புக்கு நீதிமன்றமும் தடை போடாமல் இருந்தால் சரி. குமுளியிலிருந்து முல்லைப் பெரியாறு தீர்ப்பைப் பற்றிக் கேட்டவருக்கும் இதுதான் பதில்: 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை வெளியிடலாம். ஆனால் சட்ட இதழ்களில் வரும் தலைக்குறிப்புகளை (தீர்ப்புக்கு மேலே அவர்கள் எழுதும் சுருக்கத்தை) எடுக்காதீர்கள், இதழ்காரர் சொந்தமாக யோசித்துச் சேர்த்த பகுதிக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றமே 2007இல் சொல்லியிருக்கிறது.

கேள்வி: எல்லாவற்றையும் திறந்துவிட்டால் கைடு போடுகிற கம்பெனிக்காரன் அரசு நூலை அச்சடித்துக் காசு பார்ப்பான். "வணிகத்துக்குக் கூடாது" என்று போடுவதுதானே முறை?
வாசகர், செங்கோட்டை

பதில்: பார்க்கட்டுமே என்கிறேன் நான். பாரதியார் எழுத்தின் உரிமையைச் சென்னை அரசு 1949இல் வாங்கி, பிறகு மக்களுக்கே விட்டுவிட்டது. அதற்கப்புறம் பாரதியை அச்சடித்துச் சம்பாதிக்காத பதிப்பகம் எது? அதனால் பாரதிக்கு என்ன குறைந்தது? போட்டி போட்டு அச்சடித்ததில் மலிவுப் பதிப்பு தெருவோரக் கடை வரைக்கும் வந்தது. நாட்டுடைமை என்ற பெயரில் தமிழ்நாடு இதை எத்தனையோ எழுத்தாளர்களுக்குச் செய்திருக்கிறது. அந்த நூல்கள் நூற்றுக்கணக்கில் இன்று விக்கிமூலத்தில் தேடிப் படிக்கிற மாதிரி கிடைப்பதும் அதனால்தான். தனியார் எழுத்தைக் காசு கொடுத்து வாங்கி மக்களுக்குத் திறந்துவிடுகிற அரசு, தான் எழுதியதை மட்டும் பூட்டி வைப்பது எனக்குப் புரியவே இல்லை.

"வணிகத்துக்குக் கூடாது" என்ற வரி கைடு கம்பெனியைத் தடுக்கிறதோ இல்லையோ, சின்னவர்களை நன்றாகத் தடுக்கும். நான்கு விளம்பரம் போட்டு அச்சுக்கூலியை ஈடுகட்டும் ஊர் மாத இதழ் வணிகமா? விளம்பரம் ஓடும் யூடியூப் சேனல்? பத்து ரூபாய் விலை வைத்த சங்க வெளியீடு? வண்டிப்பெரியாற்றிலிருந்து ஒரு டீச்சர், மலையாளப் பயிற்சிக் கையேட்டைத் தமிழில் விளக்கி வீடியோ போடலாமா என்று கேட்டிருக்கிறார். வகுப்பறையில் கற்பிப்பதற்காக நகலெடுக்க ஆசிரியருக்குச் சட்டம் நல்ல இடம் தருகிறது டீச்சர், 2016இல் டெல்லி பல்கலைக்கழக ஜெராக்ஸ் வழக்கிலும் உயர் நீதிமன்றம் அந்தப் பக்கம்தான் நின்றது. யூடியூப் வகுப்பறையில் சேருமா என்பது சந்தேகம். ஆனால் உங்கள் மாநிலத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் நடத்தும் பள்ளி விக்கி, பெயர் சொல்லி அதே உரிமத்தில் பகிரலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸில்தான் ஓடுகிறது. 2013இல் தொடங்கிய தேசியத் திறந்த கல்வி வளக் களஞ்சியமும் அதே உரிமம். அங்கே முடிந்தது பயிற்சிக் கையேட்டுக்கு ஏன் முடியாது என்று எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: நான் பஞ்சாயத்து மெம்பர். எங்கள் அறிவிப்புகளையும் வளர்ச்சி மலரையும் திறந்த உரிமத்தில் விட எனக்கு ஆசை. பஞ்சாயத்துக்கு அந்த அதிகாரம் உண்டா, இல்லை திருவனந்தபுரத்திலிருந்து உத்தரவு வர வேண்டுமா?
பாலக்காடு மாவட்டம்

பதில்: இந்த மாதக் கடிதங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், ஏனென்றால் மற்றவர்கள் எல்லோரும் அரசிடம் கேட்கிற இடத்தில் இருக்கிறார்கள், நீங்கள் கொடுக்கிற இடத்தில் இருக்கிறீர்கள். சட்டம் ஒன்றின் கீழ் அமைந்த கூட்டுருவ அமைப்பு சொல்லி எழுதப்பட்டதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அந்த அமைப்பே முதல் உரிமையாளர் என்று அதே 17ஆம் பிரிவில் இருக்கிறது. பஞ்சாயத்து 1994ஆம் வருடக் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டத்தின் கீழ் அமைந்தது. உரிமையாளர் எழுத்தில் உரிமம் தரலாம் என்று 30ஆம் பிரிவு. ஆக, கமிட்டியில் ஒரு தீர்மானம் போட்டு, செயலாளரிடம் கலந்துகொண்டு செய்கிற காரியம்தான்.

வெளியீட்டில் போட இப்படி ஒரு வாசகம் வைத்துக்கொள்ளுங்கள்: "இந்த வெளியீட்டைக் கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர்குறிப்பிடல் 4.0 உரிமத்தில் பஞ்சாயத்து வெளியிடுகிறது. பஞ்சாயத்தின் பெயரையும் வெளியான வருடத்தையும் குறிப்பிட்டு யாரும் நகலெடுக்கலாம், மாற்றலாம், மொழிபெயர்க்கலாம், விற்கலாம். மொழிபெயர்ப்பின் சரி தவறுக்குப் பஞ்சாயத்து பொறுப்பில்லை. முத்திரையும் தனியார் படங்களும் இதில் அடங்கா."

அந்தக் கடைசி வரியில்தான் உங்கள் நிஜமான தலைவலி இருக்கிறது. மலர் தயாரிக்கும் டிடிபி கடையில் அட்டைக்கு ஒரு வயல் படம் வேண்டும் என்றால் என்ன செய்வார்கள்? கூகிளில் தேடி, முதலில் வந்ததை எடுத்து ஒட்டுவார்கள். அந்தப் படம் உங்களுடையது இல்லை, இல்லாததை நீங்கள் யாருக்கும் கொடுக்க முடியாது. கடைக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: படங்கள் நம் ஊர்க்காரர் எடுத்துக் கொடுத்ததாக, எழுத்தில் சம்மதம் வாங்கியதாக இருக்க வேண்டும். பயனாளிகள் பட்டியலை மலரில் போடும் வழக்கம் வேறு இருக்கிறது, பெயர், வீட்டு எண், ரேஷன் கார்டு எண் எல்லாம் சேர்த்து. சமூகத் தணிக்கைக்குக் காட்ட வேண்டியது வேறு விஷயம், அதற்கு விதி இருக்கிறது. யாரும் எடுத்து எங்கும் போடலாம் என்ற உரிமத்தில் ஆட்களின் சொந்த விவரங்கள் கண்டிப்பாக வரக் கூடாது.

அப்புறம் கோப்பு. உரிமத்தை அள்ளிக் கொடுத்துவிட்டு, மலரைச் சாய்வாக ஸ்கேன் செய்த படமாக ஏற்றினால் யாருக்கு என்ன லாபம்? பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்ததும் இதே கதைதான். திரையில் மலையாளமாகத் தெரியும், எடுத்து ஒட்டினால் கட்டைகளும் புள்ளிகளுமாக வரும். தமிழிலும் இந்தக் கொடுமையை நிறைய அனுபவித்தோம், தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடை முறையாக ஏற்கும் வரை ஆளுக்கு ஒரு எழுத்துரு. டிடிபி கடையில் பிடிஎஃப்போடு யூனிகோடு எழுத்துக் கோப்பையும் வாங்கிக்கொள்ளுங்கள், பில்லில் அதையும் எழுதச் சொல்லுங்கள், எழுதாவிட்டால் தர மாட்டார்கள்.

கேள்வி: தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய ஆவணத்தை அச்சடிக்கலாமா?
நெம்மாறை

பதில்: கையில் நகல் வந்ததும் வெளியிடும் உரிமமும் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், இரண்டும் வேறு வேறு. ஆனால் பதிப்புரிமையைக் காட்டி உங்களுக்கு நகலே மறுத்தால் விடாதீர்கள். 9ஆம் பிரிவின்படி அரசு அல்லாத வேறொருவரின் பதிப்புரிமை மீறப்படும் என்றால்தான் மறுக்கலாம், அரசின் சொந்தப் பதிப்புரிமை அதற்குக் காரணமாகாது. அடுத்த விண்ணப்பத்தில் இன்னொரு கேள்வியையும் சேர்த்து எழுதுங்கள். "நான் மொழிபெயர்க்கலாமா" என்று கேட்டால் அது கருத்து, தகவல் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். "தங்கள் துறை வெளியீடுகளை மற்றவர் மறுவெளியீடு செய்வது, மொழிபெயர்ப்பது பற்றி நடைமுறையில் உள்ள உத்தரவு அல்லது சுற்றறிக்கையின் நகல் வேண்டும்" என்று கேளுங்கள். உத்தரவு இருந்தால் நகல் வரும். அப்படி எதுவும் இல்லை என்று எழுத்தில் வந்தால் அதுவும் நல்லதே, அந்தப் பதிலை இணைத்து, ஒன்று போடுங்கள் என்று துறைத் தலைவருக்கு எழுதலாம். வருகிற பதில்களின் நகலை இந்தப் பகுதிக்கும் அனுப்பி வையுங்கள், எந்தத் துறை என்ன சொன்னது என்று அடுத்தடுத்த இதழ்களில் போடுகிறேன்.